கொக்கு குடித்த ஆறு பங்கு

கொக்கு தண்ணீரை அள்ளினால் அளவு அச்சொட்டாக இருந்தது. மருந்தை அள்ளினால் நூற்றில் ஆறு பங்கு குறைந்தது. அதே கொக்கு, அதே மூக்கு, அதே அளவு. தண்ணீருக்கு ஒரு நியாயம், மருந்துக்கு ஒரு நியாயம். இருபத்து நான்கு நாளாக ஜெனூபா இந்த ஆறு பங்கோடு எழும்பி, இந்த ஆறு பங்கோடு படுத்தாள்.

கொக்கு என்பது ரோபோவுக்கு லெப்பில் வைத்த பெயர். நற்பிட்டிமுனை வட்டை எனும் வயல்வெளியின் ஓரத்தில் பழைய நெல் ஸ்டோர் ஒன்றைத் திருத்திக் கொழும்புக் கொம்பனி ஒன்று நடத்திய மருந்து ஆய்வுகூடம் அது. உள்ளே ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் வெள்ளை நிறத்தில் ஒரு கை. கையின் நுனியில் வரிசையாக எட்டு மூக்கு. கை இடது பக்கம் போய்ப் புதுப் பிளாஸ்டிக் முனைகளை மூக்கில் மாட்டிக்கொள்ளும். நடுவுக்கு வந்து, வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களுக்குள் இறங்கி, மருந்தை உறிஞ்சும். ஒரு முழத் தூரம் நகர்ந்து வலது பக்கம் போய், தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டில் விடும். பிறகு முனைகளைக் கழற்றிக் குப்பையில் தள்ளிவிட்டு மறுபடி இடது பக்கம். யன்னலுக்கு வெளியே சிறுபோக வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டு மிசினுக்குப் பின்னால் கொக்குகள் தலையைக் குத்திக் குத்தி நடந்தன. உள்ளே நின்றதையும் வெளியே நின்றதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு கூட வேலை செய்த மீராசாதான் அந்தப் பெயரை வைத்தான்.

லெப்பில் செய்தது சீனி வருத்தம் என்னும் நீரிழிவுக்கான குளிசை, மாத்திரை. ஏற்கெனவே உள்ள மருந்துதான். ஆனால் வயிற்றுக்குள் போனதும் ஒரேயடியாகக் கரையாமல், பன்னிரண்டு மணித்தியாலம் மெல்ல மெல்லக் கசிய வேண்டும். அதற்கு மருந்தோடு எந்தப் பசையை, எந்த மாவை, எவ்வளவு சேர்ப்பது என்று நூற்றுக்கணக்கான கலவைகளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கலவையிலும் குளிசை அடித்து, அரைத்து, மெதனோலில் கரைத்து, அதில் ஒரு துளியைக் கணக்காக எடுத்துத் தண்ணீர் சேர்த்து, மருந்து எவ்வளவு இருக்கிறது என்று வாசிக்கும் கருவியில் கொடுப்பார்கள். பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயைப் பிடித்துக் கையால் எடுத்தால் ஒரு ஆள் ஒரு நாளைக்கு நாற்பது. கொக்கு எடுத்தால் நானூறு. அதனால்தான் கொழும்பு கொக்கை அனுப்பியது. ஆனால் கொக்கின் கணக்கும் கையின் கணக்கும் இரண்டு பங்குக்குள் ஒத்துப்போகும்வரை கொக்கு சொன்ன எதையும் புத்தகத்தில் ஏற்ற முடியாது.

ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது சுலபம். நூறு என்று நிச்சயமாகத் தெரிந்த கரைசல் ஒன்றைக் கையாலும் எடுப்பது, கொக்காலும் எடுப்பது. ஜெனூபா கையால் எடுத்தால் 99.8, 100.1, 99.9. கொக்கு எடுத்தால் 94. அதுவும் நிலையான 94 என்றால், ஆறு பங்கு கூட அள்ளு என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். காலையில் ஐந்து குறைந்தது, மத்தியானத்தில் ஏழு குறைந்தது. மாறுகிற குறைக்கு மாறாத மருந்து கிடையாது.

கொழும்பிலிருந்து பொறியியலாளர் ஒருவர் வந்தார். நல்ல மனுசன். இரண்டு நாள் முழங்காலில் நின்று கொக்கைக் கழற்றிப் பூட்டினார். பிறகு கொக்கைத் தண்ணீர் அள்ள வைத்து, ஒவ்வொரு துளியையும் நுண்தராசில் நிறுத்தார். எண்ணூறு துளி. எண்ணூறும் சரி. மிசினில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்து, தயிர்ச் சட்டி இரண்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த புதன்கிழமை கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. லெப்புக்குப் பொறுப்பான ஜவுபர் சேர் அதை இரண்டு தரம் தனக்குள் வாசித்தார். பிறகு ஜெனூபாவைக் கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினார்.

"லேசான கணக்குத்தான் எழுதிரிக்காங்க. மிசின் சரி. அப்ப பிழை எங்க? நம்மட கையில."

"என்ட கையிலயா சேர்?"

"உங்கட கை, என்ட கை, மீராசாட கை. மூணு பேரும் நூறு எடுக்கிறம். நூறு வரவேணும் எண்டு தெரிஞ்சுதான் நூறு எடுக்கிறமாம்."

ஜெனூபாவுக்கு முகம் சுட்டது. பத்து வருசம் பிடித்த பிப்பெட்டை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஜவுபர் சேர் கடிதத்தின் கடைசிப் பகுதியை அவள் பக்கம் திருப்பினார். அடுத்த வியாழனுக்குள் இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் கொக்கைக் கொழும்புக்கு ஏற்றுவார்கள். அதோடு இந்தக் குளிசை வேலையும் போகும். ஜெனூபாவுக்கு மட்டும் அங்கே ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். விருப்பமென்றால் போகலாம்.

கல்முனைக்குடியில் ஜெனூபாவின் வீட்டுக்குக் கடிதச் செய்தி அவளுக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. மீராசாவின் மனைவி சொல்லி, தங்கச்சி ஹுஸ்னியா கேட்டு, உம்மா வந்து குசினியில் குந்தியிருந்தா.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வாப்பா வீட்டைக் கட்டத் தொடங்கவேண்டும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். தாய் தகப்பன் அடுத்த மகளுக்குக் கட்டிய வீட்டுக்கு ஒதுங்குவார்கள். அப்படித்தான் பதினொரு வருசத்துக்கு முன்பு ஜெனூபாவின் மாப்பிள்ளையாக முஸ்தாக் அக்கரைப்பற்றிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தான். அவளுடைய தாய் சல்மா உம்மா இரண்டு ஒழுங்கை தள்ளி, இளையவள் ஹுஸ்னியாவின் வீட்டுக்குப் போனா. போனாவே தவிர, அசர் தொழுகை முடிந்தால் கால் இந்தப் பக்கம்தான் வரும்.

முஸ்தாக் அன்று வேளைக்கு வந்திருந்தான். அவனும் அவனுடைய காக்காவும் அண்ணன் தம்பியாகச் சேர்ந்து வெட்டு மிசின் ஒன்று வைத்திருந்தார்கள். சம்மாந்துறை வட்டையில் நின்றுவிட்டு வந்தவன் கிணற்றடியில் மூன்று வாளி ஊற்றியும் காதுக்குள் வைக்கோல் தூசி போகவில்லை. கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து வரும் இந்தக் காற்று மலைநாட்டிலேயே மழையைக் கொட்டிவிட்டு, வெறும் சூட்டை மட்டும் சுமந்துகொண்டு இந்தப் பக்கம் இறங்கும். சோறு வடித்து வைத்தால் மேல்பருக்கை அரை மணியில் காய்ந்து போகும். கடல் பக்கத்து யன்னலைத் திறந்தாலும் வயல் பக்கத்துச் சூடுதான் வந்தது.

ஜெனூபா புட்டை அவித்து இறக்கி, கீரிமீன் ஆணத்தைக் கோப்பைகளில் ஊற்றினாள். தனக்கு ஊற்றவில்லை.

சல்மா உம்மா நேராகவே தொடங்கினா. "நீ கொழும்புக்குப் போனா மாப்பிள்ளை எங்க இரிக்கிற?"

"இஞ்சதான் உம்மா. வேற எங்க."

"பொண்டாட்டி இல்லாத ஊட்டுல மாப்பிள்ளை இரிந்து என்ன செய்ற?"

"காவலுக்கும் ஆள் தேவதானே மாமி" என்றான் முஸ்தாக், புட்டைப் பிசைந்துகொண்டு. "சம்பளமும் கேக்க மாட்டன்."

"சிரிக்காதங்க மகன். நாலு பேர் கதைப்பாங்க. உங்கட உம்மா ஊட்டுக்குப் போனா அங்க எட்டுப் பேர் கதைப்பாங்க. துரத்திப் போட்டாளுகள் எண்டு."

ஒன்பது வயது மகள் அம்ஹா மீன் முள்ளை எடுத்தபடியே, அப்படியென்றால் தான் யாருடைய வீட்டில் இருப்பது என்று கேட்டாள். கொழும்பில் ஒரு அறையைப் பிடித்துப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம்; ஆனால் வெட்டு மிசினைக் கூட்டிப் போக முடியாது. முஸ்தாக்குக்கு வயல் இங்கே. வயல் இருக்கும் இடத்தில் அவனுக்கு வீடில்லை, வீடு மனைவியுடையது. மனைவி இல்லாவிட்டால் அவன் விருந்தாளி. இதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். அதனால்தான் உம்மா தவிர வேறு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உம்மா போனபிறகு ஜெனூபா கோப்பைகளைக் கழுவினாள். கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினாள். முஸ்தாக் குசினி நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"குறையுது எண்டா, குறைஞ்சது எங்க?"

"தெரிஞ்சா நான் ஏன் இப்பிடி நிக்கன்."

"இல்ல புள்ள, நான் சொல்றதக் கேளு. வெட்டி முடிஞ்சு நெல் மூட்டை குறைஞ்சா வயல்காரப் போடியார் என்னைத்தான் கள்ளன் எண்டுவார். நான் வாய் காட்டப் போறல்ல. மிசினுக்குப் பின்னால படங்குச் சீலைய விரிச்சிப் போட்டு ஒரு வரவை வயலை ஓட்டிக் காட்டுவன். வைக்கலோட போகுதா, சல்லடையால கொட்டுதா எண்டு படங்கு சொல்லும். இல்லாமப் போற சாமான் ஒண்டும் இல்ல. விழுந்திரிக்கும்."

"மெதனோல் விழுந்தா காஞ்சிரும். தடமும் இரிக்காது."

"அப்ப விழல்ல எண்டு எப்பிடி உனக்குத் தெரியும்?"

அவளுக்கு அது தெரியாது. இருபத்து நான்கு நாளும் அவள் கொக்கு எவ்வளவு அள்ளுகிறது என்றுதான் பார்த்தாளே தவிர, அள்ளியதை எவ்வளவு கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று பார்க்கவில்லை.

வியாழன் காலை, மற்றவர்கள் வருமுன்பே ஜெனூபா லெப்பைத் திறந்துவிட்டாள். மருந்து வெள்ளை, மெதனோல் நிறமற்றது; கடதாசியில் விழுந்தால் அரை நிமிசத்தில் அடையாளமே இருக்காது. அதனால் கரைசலுக்குள் ஒரு சிட்டிகை நீலச் சாயத்தைக் கலந்தாள். கொக்கின் கை போகும் வழி நெடுக வெள்ளை வடிதாளை விரித்து ஒட்டினாள். தண்ணீரிலும் அதே சாயத்தைக் கலந்து முதலில் தண்ணீரை ஓட்டினாள். வடிதாள் வெள்ளையாகவே இருந்தது. பிறகு மெதனோலை ஓட்டினாள்.

மீராசாவும், வேலை பழகுகிற தர்சினியும் வந்தபோது அவள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். வடிதாளில், குழாய்களிலிருந்து தட்டுக்குப் போகும் ஒரு முழ வழியில், எறும்பு வரிசை மாதிரி நீலப் புள்ளிகள். எட்டு மூக்குக்கும் எட்டு வரிசை.

"ஒழுகுது" என்றான் மீராசா. "கொக்குக்கு வாய் ஒழுகுது."

ஜவுபர் சேர் உடனே பொறியியலாளருக்குப் போன் எடுத்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஓட்டை இருந்தால் தண்ணீரும் ஒழுக வேண்டுமே? இருந்தாலும் உதிரிப் பெட்டியில் இருந்த, கசிவை அடைக்கும் புது ரப்பர் வளையங்களை எடுத்து எட்டு மூக்குக்கும் மாற்றினார்கள். மத்தியானம் மறுபடி ஓட்டினார்கள். புள்ளிகள் காலையை விடக் கூட விழுந்தன.

வெயில் ஏற ஏறக் கூடுகிறது என்பதை ஜெனூபா பிடித்துக்கொண்டாள். பின்னேரம் புது மெதனோல் போத்தல் ஒன்றைத் திறந்தபோது அது மூச்சு விட்டது. எப்போதும் விடுகிற மூச்சுத்தான். அன்றைக்குத்தான் அவள் மூடியைக் கையில் வைத்தபடி நின்று யோசித்தாள்.

பிப்பெட் என்பது உறிஞ்சுகுழாய். உள்ளே ஒரு தண்டு மேலே ஏறும், கீழே இறங்கும். அந்தத் தண்டு மருந்தைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் காற்று இருக்கிறது. தண்டு காற்றை இழுக்கிறது; காற்று மருந்தை இழுக்கிறது. தண்ணீருக்கு இது போதும். மெதனோல் சும்மா இருக்கிற சாமான் அல்ல, இடம் கண்டால் ஆவியாகிப் பறக்கும். புது முனைக்குள் இருப்பது வெறும் காற்று. மெதனோல் உள்ளே ஏறியதும் அதில் கொஞ்சம் ஆவியாகி அந்தக் காற்றுக்குள் புகுந்துவிடுகிறது. காற்று பருக்கிறது. பருத்த காற்றுக்கு மேலே வழியில்லை, அங்கே தண்டு அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால் கீழே தள்ளுகிறது. கீழே இருப்பது மருந்து. கொக்கு ஒரு முழத் தூரம் போய்ச் சேருவதற்குள் ஒரு சொட்டு வெளியே வந்து விழுந்துவிடுகிறது. சூடு கூடினால் ஆவி கூடும், சொட்டும் கூடும்.

இதை அவள் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னாள். ஜவுபர் சேர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். ஓமோம் என்று தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எல்லாம் சரி ஜெனூபா. ஆனா உங்கட கையில இரிக்கிற பிப்பெட்டுக்குள்ளயும் அதே காத்துத்தானே? அது ஏன் சொட்டல்ல?"

அவள் சோக்கைக் கீழே வைத்தாள். அரைவாசிக் கதவு திறந்தது, மற்ற அரைவாசி இன்னும் இறுகப் பூட்டியிருந்தது. கொழும்புக்கு இந்த அரைவாசியைச் சொன்னால், அதே காற்று, அதே மெதனோல், உன் கையில் மட்டும் ஏன் சொட்டவில்லை, நீ நூறு என்று எழுதியதால்தானே என்பார்கள். அன்று இரவு அவள் புரண்டதில் முஸ்தாக்கும் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை. ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போகுமுன் இதை முடித்துவிட வேண்டும் என்று ஜெனூபா எட்டு மணிக்கே மேசையில் வடிதாளை விரித்தாள். ஒவ்வொருவரும் நீலக் கரைசலைக் கையால் எடுத்துத் தட்டில் விட வேண்டும்; தர்சினி எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுப்பாள். ஜெனூபா எடுத்தாள். தாள் வெள்ளை. ஜவுபர் சேர் பிப்பெட் பிடித்தார், தாள் வெள்ளை. மீராசா எடுத்தான். வெள்ளை.

"இப்ப நீ எடு" என்றாள் ஜெனூபா தர்சினியிடம், போனை வாங்கிக்கொண்டு.

பாண்டிருப்புப் பிள்ளை தர்சினி வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். அவளுடைய கணக்கு இன்னும் புத்தகத்தில் ஏறுவதில்லை, பழகுகிறவள் என்று தனியாக ஒரு கொப்பியில் இருந்தது. அதில் 96, 97 என்று வரும். போகப் போகச் சரியாகிவிடும் என்று எல்லாரும் விட்டிருந்தார்கள். அவள் எடுத்துத் தட்டுக்குக் கொண்டுபோனாள். தாளில் மூன்று நீலப் புள்ளி.

"பாண்டிருப்புக் கை ஓட்டைக் கை" என்றான் மீராசா.

"கோயில்ல தீர்த்தம் வாங்குற கை. ஒரு சொட்டுச் சிந்தாது" என்றாள் தர்சினி. சொல்லிவிட்டாளே தவிர, இன்னொரு தரம் எடுத்தபோது நாலு புள்ளி விழுந்தது. அதற்குப் பிறகு மீராசாவும் பகிடி விடவில்லை. மூன்று பேருக்குச் சொட்டவில்லை, ஒருத்திக்குச் சொட்டுகிறது. அந்த ஒருத்தி மட்டும்தான் நாலு பேரில் தமிழ்ப் பிள்ளை என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது.

ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். நற்பிட்டிமுனைப் பள்ளியிலிருந்து பாங்கு வயலைத் தாண்டி வந்தது. தர்சினி போனை மேசையில் சாய்த்து வைத்து, வீடியோக்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் போனை விடவில்லை.

"அக்கா, நான் உங்களைப் பாத்துப் பழகல்ல. நீங்க கொக்கு வரமுன்னமே அதுக்கு எண்டு எழுதின செய்முறைத் தாளைத்தான் பாத்துப் பழகின. அதில இரிக்கிறபடி பதினொரு படியும் செய்யிறன். எங்க பிழை?"

அது உண்மை. தர்சினி சேர்ந்த முதல் நாள் ஜெனூபாவுக்குக் கை ஓயாத வேலை. எல்லாம் தாளில் இரிக்கு, வாசிச்சுச் செய் என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள்தான். மீராசா கொம்பியூட்டருக்குள் ஏற்றியதும் அதே தாளைத்தான்.

"பிழை உன்ட கையில இல்ல" என்றாள் ஜெனூபா. அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. லுஹர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. அவள் வெளிவாசலுக்குப் போய்க் கையை மடித்துவிட்டுக் குழாயடியில் குந்தி, தொழுமுன் கை முகம் கழுவும் வுழு எடுக்கத் தொடங்கினாள்.

தர்சினி போனோடு வாசலுக்கு வந்து நின்றாள். போனைப் பார்த்தாள், ஜெனூபாவைப் பார்த்தாள். திரும்பப் போனைப் பார்த்தாள்.

"அக்கா. ஒருக்கா நில்லுங்க."

ஜெனூபாவுக்கு வாயில் தண்ணீர். கொப்பளித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க எத்தினை தரம் வாய் கழுவின?"

"மூணு."

"கை?"

"மூணு தரம்தான். எல்லாம் மூணு தரம். ஏன் புள்ள?"

தர்சினி குழாயடியில் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, போனை வெயில் படாமல் கையால் மறைத்துக் காட்டினாள். வேகத்தைக் குறைத்து ஓடவிட்டிருந்தாள். திரையில் ஜெனூபாவின் கை. புது முனையை மாட்டியது. கரைசலுக்குள் இறக்கியது. உறிஞ்சியது, உறிஞ்சியதைத் திரும்ப அதே குழாய்க்குள் விட்டது. மறுபடி உறிஞ்சி விட்டது. மறுபடியும். பிறகுதான் உறிஞ்சி எடுத்துக்கொண்டு தட்டுக்குப் போனது.

"மூணு தரம் கழுவிப் போட்டு எடுக்கிறீங்க. இந்தா, ஜவுபர் சேர். ஒண்டு, ரெண்டு, மூணு. மீராசா. ஒண்டு, ரெண்டு, மூணு." அடுத்ததைத் தட்டினாள். "இது நான். இறக்கினன், எடுத்தன், போனன்."

ஜெனூபா அதை நாலு தரம் பார்த்தாள். அது தன்னுடைய கைதான், மோதிரம் கூடத் தெரிந்தது. ஆனால் அந்தக் கை இப்படி ஒன்றைச் செய்வது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பாத்திரத்தை, ஒரு வாயை, ஒரு கையை மூன்று தரம் கழுவாமல் பாவித்துப் பழகாத கை. பிப்பெட்டைப் பிடித்த நாளிலிருந்தே அது அப்படித்தான் செய்திருக்க வேண்டும். நடக்கும்போது முதலில் எந்தக் காலை வைக்கிறோம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதே மாதிரித்தான் தாளில் அந்த மூன்று தரமும் வரவில்லை. கொக்கு தாளை மட்டும் கற்றது. தர்சினியும் தாளை மட்டும் கற்றாள். தர்சினியின் கை ஒரு சாண் தூரம்தான் போகிறது, அதனால் அவளுக்குக் குறைவாகச் சொட்டியது. கொக்குக்கு ஒரு முழம்.

"தொழுதிட்டு வாறன்" என்றாள் ஜெனூபா. தொழுதாள். எத்தனையாவது றக்அத் என்று இரண்டு தரம் தடுமாறினாள்.

கழுவுவது ஏன் சொட்டை நிறுத்துகிறது என்பதும் இப்போது வெளித்தது. முதல் தரம் உறிஞ்சி விடும்போதே முனைக்குள் இருக்கும் காற்று மெதனோல் ஆவியைக் குடிக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டாம் தரம் இன்னும் குடிக்கிறது. மூன்றாம் தரத்துக்கு அதற்கு வயிறு நிறைந்துவிடும். அதற்குப் பிறகு மருந்து உள்ளே வந்தாலும் காற்று பருக்க இடமில்லை. பருக்காத காற்று தள்ளாது. தள்ளாவிட்டால் சொட்டாது.

ஆனால் நினைத்தது சரியா என்று கொக்குத்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை விடுமுறை என்றும் பாராமல் நாலு பேரும் வந்தார்கள். மீராசா கொம்பியூட்டரில் ஒரு வரி சேர்த்தான். கழுவாமல் ஒரு தட்டு, ஒரு தரம் கழுவி ஒரு தட்டு, இரண்டு தரம், மூன்று தரம், நாலு தரம். வெளியே கச்சானில் வைக்கோல் பறந்து யன்னலில் அடித்தது. பத்தரைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஜெனூபா லெப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அவள் நடப்பதைப் பார்த்தால் தனக்குத் தலை சுற்றுகிறது என்று ஜவுபர் சேர் கதிரையை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். கரண்ட் வந்ததும் எல்லாத் தட்டையும் முதலிலிருந்து ஓட்டினார்கள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு வாசிக்கும் கருவி எண்களைத் துப்பியது. கழுவாத தட்டு 93.8. ஒரு தரம் கழுவியது 97.1. இரண்டு தரம் 99.2. மூன்று தரம் 99.9. நாலு தரமும் 99.9. மூன்றுக்கு மேல் கழுவுவது வீண்.

தர்சினி பேசாமல் ஒரு பிப்பெட்டை எடுத்து, மூன்று தரம் கழுவி, கையால் ஒரு தட்டு எடுத்து வைத்தாள். 99.7. பழகுகிறவர் கொப்பியை மூடி மீராசாவின் மடியில் போட்டாள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலை, மத்தியானம், பின்னேரம் என்று கொக்கை ஓட்டினார்கள். குறைந்தது 99.5, கூடியது 100.2. ஆனாலும் ஜெனூபாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எண்கள் சரிதான், கொழும்பு எண்களைத்தானே முதலில் நம்பவில்லை. புதன் பின்னேரம் வீட்டில் உம்மா கொழும்பில் யாரோ உறவுக்காரரின் விலாசத்தை எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தா. முஸ்தாக் அதைக் கண்டும் காணாதவன் மாதிரி அதற்கு மேல் மிசின் சாவியை வைத்தான்.

வியாழன் பத்து மணிக்குத் திரையில் கொழும்பு வந்தது. தரத்துக்குப் பொறுப்பான அம்மணி எண்களைப் பார்த்தா, வடிதாளின் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தா, வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தா. பிறகு ஆங்கிலத்தில் ஒரு கேள்விதான் கேட்டா: கையால் எடுக்கும்போது மூன்று தரம் கழுவுகிறீர்கள், அது ஏன் தாளில் இல்லை? ஜவுபர் சேர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெனூபா முந்திக்கொண்டாள். தாளை எழுதியவள் தான், பிழையும் தன்னுடையது என்றாள். மூன்று தரம் கழுவுவது தங்களுக்குச் சிறு வயது முதலே பழக்கம், அதனால் அது ஒரு படி என்றே தனக்குப் படவில்லை என்றாள். என் கை பொய் சொல்லவில்லை, கை செய்ததில் பாதியை எழுத மறந்துவிட்டேன் என்றாள்.

அந்த அம்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. அப்படியென்றால் அதை எழுதுங்கள், எழுதி இன்றே அனுப்புங்கள், மிசின் அங்கேயே இருக்கட்டும் என்றா. குளிசை வேலையைப் பற்றி வேறு கதையே இல்லை. அடுத்த மாதக் கலவைகளின் பட்டியலை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டா.

ஜெனூபா வெளியே வந்து முஸ்தாக்குக்குப் போன் எடுத்தாள். "நான் எங்கயும் போகல்ல" என்றாள். வெட்டு மிசின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. மிசினை நிறுத்தச் சொல்லிவிட்டு இரண்டாம் தரமும் சொன்னாள். அந்தப் பக்கம் இரைச்சல் அடங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னான். காலையில் சாப்பிட்டாளா என்று கேட்டான். இல்லை, பசிக்கிறது என்றாள்.

பிறகு உள்ளே போய்த் தாளைத் திறந்தாள். நாலாம் படி, புது முனையை மாட்டவும். ஐந்தாம் படி, இருநூறு மைக்ரோலீற்றர் உறிஞ்சவும். இரண்டுக்கும் நடுவில் இடம் விட்டு இப்படி எழுதினாள்:

"புது முனையால் மெதனோல் கரைசலை மூன்று தடவை முழுதாக உறிஞ்சி, மூன்று தடவையும் அதே குழாய்க்குள் திரும்ப விடவும். நான்காம் தடவை உறிஞ்சுவதை மட்டும் தட்டுக்குக் கொண்டுபோகவும்."